பழைய கோம்பாக் சாலையோர ஓடையில் கயிற்றில் இறங்க ஆலோசனை தேவை: கயிறு, ஆங்கர், குளங்கள்

கதிர்_செந்தூல்

எல்லாருக்கும் வணக்கம். பழைய கோம்பாக் சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறும் வழியில், சாலையை ஒட்டியே ஓர் ஓடை மூன்று இடங்களில் அருவியாக விழுந்து இறங்குகிறது. எந்த வளைவு என்று பொதுவில் எழுதவில்லை. பக்கத்துச் சுங்கை பீசாங் அருவியில் வார இறுதிக் கூட்டத்தையும் அவர்கள் விட்டுப்போகும் குப்பையையும் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். தெரிய வேண்டியவர்கள் தனிமடல் போடுங்கள்.

மேலிருந்து முதல் இறக்கம் 8 மீட்டர் இருக்கும். சாய்வான கருங்கல், முழுக்கப் பாசி, அடியில் இடுப்பளவுக் குளம். இரண்டாவதுதான் பெரியது. ஏறக்குறைய 15 மீட்டர், நேர்க்குத்து, தண்ணீரும் நம் மேலேயே விழும். அடிக்குளத்தில் கால் எட்டவில்லை என்று கீழிருந்து ஏறிப் பார்த்த நண்பர் சொன்னார். மூன்றாவது 5 மீட்டர்தான். அதைக் குதித்தே கடக்கலாம் என்று எங்களில் இளையவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். அப்புறம் பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் சாலைக்கு அடியில் போகும் சிறுபாலம், அங்கே வெளியே வந்துவிடலாம்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் கோப்பெங்கில் வழிகாட்டிகளோடு அருவியில் இறங்கியிருக்கிறோம். மற்ற இருவர் பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் ஏறிப் பழகியவர்கள், தண்ணீர்ப் பழக்கம் இல்லை. 10 மி.மீ. செமி ஸ்டாட்டிக் (அதிகம் இழுபடாத) கயிறு 40 மீட்டரில் இரண்டு, ஹெல்மெட், ஹார்னஸ் (இடுப்புப் பட்டை), ஃபிகர் எய்ட் (கயிற்றில் இறங்க உதவும் எட்டு வடிவ உலோகக் கருவி) எல்லாம் கையில் உண்டு. கயிறு போதுமா? ஆங்கரை, அதாவது கயிற்றைப் பிணைக்கும் பிடிமானத்தை, மரத்தில் கட்டலாமா, பாறையைத் துளைத்து போல்ட் அடிக்க வேண்டுமா? கயிற்று நுனியில் முடிச்சு வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தீபாவளி விடுமுறையை ஒட்டி அக்டோபர் கடைசியில் போக எண்ணம். சாலை பக்கத்திலேயே இருப்பதால் எது நடந்தாலும் வெளியேறிவிடலாம் என்ற தைரியம் இருக்கிறது.

மணியம்_உலுலங்காட்

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

முதல் இறக்கத்தில் எல்லாரும் இறங்கிக் கயிற்றைக் கீழே இழுத்தெடுத்துவிட்ட அந்த நிமிடத்தோடு திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடுகிறது. மேலே 8 மீட்டர் பாசிக்கல், கீழே 15 மீட்டர் அருவி. லாரி கியர் மாற்றும் சத்தம் காதில் விழும், சாலையோரத் தடுப்புக்கூட மரங்களுக்கு நடுவே தெரியும். ஆனால் அங்கே போக முடியாது. காட்டுக்குள் மூன்று மணி நேரம் நடந்து சேரும் அருவிக்கு மக்கள் தயாராகப் போகிறார்கள். சாலையோர ஓடைக்கு ஒரு கயிற்றையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தொலைவைப் பார்த்து முடிவு செய்வதால் வரும் வினை இது. கயிறு இழுபட்ட பிறகு இரண்டு இடமும் ஒன்றுதான்.

அதனால் முதல் வேலை, கயிறே இல்லாமல் ஒரு நாள் போய் ஓடையின் இரண்டு கரையிலும் நடந்து பாருங்கள். ஒவ்வொரு குளத்திலிருந்தும் பக்கவாட்டில் ஏறி வெளியேற இடம் இருக்கிறதா? தண்ணீர் ஒன்றரை ஆள் உயரம் ஏறினால் ஐந்து பேர் எங்கே போய் நிற்பீர்கள்? முதல் குளத்துக்கும் இரண்டாவது அருவியின் விளிம்புக்கும் நடுவில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால், மேகம் திரண்ட நாளில் அங்கே காலே வைக்கக் கூடாது.

கயிறு பற்றி. நீளமான இறக்கத்தைப் போல மூன்று மடங்கு கயிறு குழுவிடம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இறங்க ஒரு மடங்கு, இழுத்தெடுக்க ஒரு மடங்கு, சிக்கலுக்கு ஒரு மடங்கு. உங்களுக்கு 45 மீட்டர் போதும், 80 மீட்டர் இருக்கிறது. இரண்டு கயிறும் ஒரே ஆளின் பையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரட்டைக் கயிற்றில் இறங்காதீர்கள். ஒற்றைக் கயிற்றில் இறங்குங்கள், அதுவும் மேலிருந்து தளர்த்திவிடக்கூடிய கட்டில். ஆங்கரில் மன்ட்டர் மியூல் (எடை தொங்கும்போதே தளர்த்தக்கூடிய முடிச்சு) போட்டு, 15 மீட்டரை மட்டும் கீழே விட்டு, மீதி 25 மீட்டரையும் பையோடு மேலேயே வைத்திருங்கள். இறங்குபவருடைய சட்டையோ தலைமுடியோ ஃபிகர் எய்ட்டில் மாட்டி அருவி நடுவில் அவர் நின்றுவிட்டால், மேலே இருப்பவர் முடிச்சைத் தளர்த்தி ஆளை அப்படியே குளத்துக்கு இறக்கிவிடலாம். கொட்டும் தண்ணீருக்கடியில் தொங்குபவருக்கு மூச்சு விடவே இடம் இருக்காது. அந்த நேரத்தில் இன்னொருவர் இறங்கிப் போய் உதவுவது என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. கடைசி ஆள் மட்டும் கட்டை மாற்றி, இழுத்தெடுக்கும் முறையில் போட்டுக்கொண்டு இறங்குவார்.

முடிச்சு பற்றி: இரண்டாவது இறக்கத்தில் நுனி முடிச்சு கூடாது.

வள்ளி_பாறை

மணியம் அண்ணே, மற்றதெல்லாம் சரி. முடிச்சு விஷயத்தில் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாறை ஏற வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே நுனியில் முடிச்சு போடு என்பதைத்தான். கயிறு தரையைத் தொடவில்லை என்று தெரியாமல் இறங்கி, நுனி கருவிக்குள்ளிருந்து நழுவி விழுந்து இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அனுபவசாலிகள்கூட அப்படிப் போயிருக்கிறார்கள். கதிர் தம்பியின் குழுவில் இரண்டு பேர் பாறைப் பழக்கத்தில் வந்தவர்கள். அவர்களிடம் இன்றைக்கு முடிச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நாளை பத்துமலையில் அதே பழக்கத்தோடு நிற்பார்கள். அதுதான் என் பயம்.

மணியம்_உலுலங்காட்

வள்ளி, உங்கள் பயம் நியாயமானது. பாறையில் நானும் முடிச்சு போடுகிறவன்தான். தண்ணீரில் என்ன நடக்கிறது என்று மட்டும் கொஞ்சம் பாருங்கள்.

இறங்குபவர் கடைசி ஒரு மீட்டரில் இருக்கிறார். தலைமேல் தண்ணீர் கொட்டுகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, கீழே கால் எட்டாத குளம். கயிறு நான்கைந்து மீட்டர் மிச்சமாகக் குளத்தில் கிடந்தால், அது சுழலில் சுற்றி அவர் காலோடு பின்னிக்கொள்கிறது. ஃபிகர் எய்ட்டைக் கயிற்றிலிருந்து விடுவிக்க முதலில் கயிறு தளர வேண்டும். அப்புறம் மிதந்தபடியே கேரபினரின் (கருவியை ஹார்னஸில் மாட்டும் கொக்கியின்) பூட்டைத் திருக வேண்டும், வளையத்தைக் கழற்ற வேண்டும், கயிற்றை எடுக்க வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். விரல் விறைத்திருக்கும். இவ்வளவும் அருவியின் அடியிலேயே, தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும் இடத்தில்.

கயிற்று நுனி சரியாக நீர்மட்டத்தில் இருந்தால் இது எதுவுமே தேவையில்லை. இடுப்பு தண்ணீரைத் தொடும்போது கயிறு கருவிக்குள்ளிருந்து தானாக நழுவி வெளியே போய்விடும். கையே படாது. மல்லாந்து இரண்டு உதை உதைத்தால் அருவியை விட்டு விலகிவிடலாம். அதே நுனியில் முடிச்சு இருந்தால் அது ஃபிகர் எய்ட்டில் வந்து முட்டி நிற்கும். ஆள் கொட்டும் தண்ணீருக்குக் கீழே கட்டுண்டு கிடப்பார். பாறையில் உயிரைக் காக்கும் முடிச்சு இங்கே உயிரைக் குடிக்கும்.

வள்ளி_பாறை

புரிகிறது. ஆனால் நீளத்தைத் தப்பாக அளந்து நுனி நான்கு மீட்டர் உயரத்திலேயே நின்றுவிட்டால்? கண்ணைத் திறக்க முடியாதவர் நுனியை எப்படிப் பார்ப்பார்?

மணியம்_உலுலங்காட்

சரியான கேள்வி. இதற்காகத்தான் மேலிருந்து தளர்த்தும் கட்டு. முதலில் இறங்குபவர் குழுவிலேயே அதிகம் தெரிந்தவராக இருக்க வேண்டும். கயிற்றைக் கொஞ்சம் குறைவாகவே விட்டு அவர் இறங்குவார். நுனிக்கு ஒரு மீட்டர் மேலே வந்ததும் நின்று சைகை காட்டுவார். மேலே இருப்பவர் கட்டைத் தளர்த்தி நுனி தண்ணீரைத் தொடும்வரை இறக்குவார். அந்த நீளம் அப்படியே மற்றவர்களுக்கும். நடுவில் வழிநெடுகப் பார்க்க முடியாத இடமாக இருந்தால், விளிம்பில் ஒருவர் தன் லேன்யார்டை (ஹார்னஸில் உள்ள குட்டைப் பாதுகாப்புக் கயிற்றை) ஆங்கரில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: கீழே தரை என்றால் முடிச்சு. கீழே ஆழமான குளம், மேலே ஓடும் தண்ணீர் என்றால் முடிச்சு இல்லை, அளவு. கதிருடைய முதல் இறக்கத்தில் அடிக்குளம் இடுப்பளவுதான், ஆள் நின்றே கழற்றலாம், கயிறு மிச்சம் இருந்தாலும் கெடுதி இல்லை.

முதல் இறக்கத்தில் புதியவர் இருவருக்கும் கீழேயிருந்து ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். அவர் இழுத்துப் பிடித்தால் மேலே இறங்குபவர் அப்படியே நின்றுவிடுவார். ஃபிகர் எய்ட்டுக்குக் கீழே புருசிக் (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) போடுவது பாறையில் நல்லது, ஓடும் தண்ணீரில் வேண்டாம். அது இறுகி நின்றுவிட்டால் அருவிக்குள்ளேயே மாட்டிக்கொள்வார்.

வள்ளி_பாறை

இதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மன்ட்டர் மியூலைத் தளர்த்தி ஆளை இறக்குவதை எங்கேயாவது காய்ந்த இடத்தில், உண்மையான ஆள் எடையோடு, ஐந்து பேருமே செய்து பார்த்திருக்க வேண்டும். காணொளியில் பார்த்தது போதாது. இரண்டு ஆள் உயரச் சுவர் போதும், நானே வந்து காட்டுகிறேன்.

இன்னொன்று கதிர் தம்பி. ஃபிகர் எய்ட்டில் ஒரு குணம் உண்டு. விளிம்பைத் தாண்டும்போது கயிறு பாறையில் அழுந்தி, பெரிய வளையத்தின் மேலே ஏறி, முடிச்சாக இறுகிவிடும். அதற்குப் பிறகு மேலும் போக முடியாது, கீழும் போக முடியாது. விளிம்பில் உட்கார்ந்து சறுக்கிப் போகாதீர்கள். காலைப் பாறையில் அகட்டி ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிறு பாறையில் படாமல் தாண்டுங்கள். அதைத் தடுக்கும்படி செய்யப்பட்ட பிரானா போன்ற கருவிகளும் இருக்கின்றன, இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவி_பாலிக்பூலாவ்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வளைவுச் சாலையில் தித்தி கெராவாங் இருக்கிறது. சாலையில் நின்றாலே அருவி தெரியும். இது போல ஓடையைப் பார்த்ததும் இறங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பதைத்தான். தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிட்டே தாவரப் பூங்கா அருவியும் குடிநீருக்கானது, நினைத்தபடி உள்ளே போக முடியாது. கோம்பாக்கில் ஓராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) கம்போங்குகள் இருக்கின்றன. ஓடையோரம் கறுப்புக் குழாய் போகிறதா என்று பாருங்கள். போனால் அது அவர்கள் வீட்டுக் குழாய். அதை மிதிக்காதீர்கள், பிடித்து ஏறாதீர்கள், அதில் கயிற்றைக் கட்டாதீர்கள். கம்போங்கில் போய்ப் பேசுங்கள். மேலே தண்ணீர் எப்படி வரும் என்று நம் எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி மழை. அக்டோபர் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றிவிடுங்கள் தம்பி. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பருவக்காற்று மாறும் காலம். மேற்குக் கரை முழுக்கப் பிற்பகலில் இடியோடு கொட்டும். காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் இரண்டு மணிக்கு மையிருட்டாகும். கீழே ஒரு துளி விழாமல் மேலே மலையில் மட்டும் பெய்வதும் உண்டு. கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், அப்படித்தான் வருகிறது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மரக்கட்டையும் சேறுமாக ஆள் உயரத்துக்கு வந்துவிடும்.

வருவதற்கு முன் சில அடையாளம் உண்டு. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது, சருகும் குச்சியும் திடீரென்று கூடுதலாக மிதந்து வருவது, மண்வாடை. எல்லாவற்றிலும் மோசமானது, ஓட்டம் சட்டென்று குறைவது. மேலே எங்கோ குப்பை அடைத்துத் தேங்குகிறது என்று அர்த்தம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் உயரத்துக்கு ஏறுங்கள்.

சாலையோர ஓடையில் இன்னொரு சங்கதி. மழைத் தண்ணீர் காட்டு மண்ணில் ஊறித்தான் ஓடைக்கு வரும், கொஞ்சம் நேரம் கிடைக்கும். தார்ச்சாலைத் தண்ணீர் ஊறாது. வடிகால் வழியாக நேராக ஓடைக்குள் கொட்டும். எந்த வடிகால் எங்கே வந்து விழுகிறது என்று பார்த்து வையுங்கள். உடைந்த போத்தலும் அந்த வழியாகத்தான் வரும்.

மணியம்_உலுலங்காட்

தேவி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இது சின்ன ஓடை, நீர்ப்பிடிப்புப் பரப்பும் சின்னது. அதனால் வேகமாக ஏறும், வேகமாகவே வடியும். மாட்டிக்கொண்டால் உயரமான இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் வழி. இரண்டு மணி நேரம் நனைந்து உட்காரத் தயாராகப் போனால் பதற்றப்பட்டு அடுத்த அருவியில் இறங்க மாட்டீர்கள். வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ராடார் படத்தைக் காலையில் புறப்படும் முன்னும், காடியை நிறுத்திய பிறகும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் அடிக்கும் புயல்மழையும் உண்டு, ஆகவே காலை என்றாலே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கதிர்_செந்தூல்

தேதியை மாற்றுகிறோம். தைப்பூசம் முடிந்து பிப்ரவரியில் போகலாம் என்று பேசியிருக்கிறோம். காலை ஏழரைக்கு மேல் முனையில், பதினொன்றுக்குள் சிறுபாலத்தில். ரொம்ப நன்றி தேவி அக்கா.

காலணி என்ன போடுவது? நாங்கள் எல்லாரும் அடிடாஸ் கம்போங் என்கிற ரப்பர் காலணிதான் வைத்திருக்கிறோம்.

ரப்பர்தோட்டத்துப்_பிள்ளை

அடிடாஸ் கம்போங் போதும். சேற்றில் பிடிக்கும், தண்ணீரை உறிஞ்சாது, அட்டை ஏறாமல் காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகிக்கொள்ளலாம், விலையும் மலிவு.

வள்ளி_பாறை

சேற்றுக்குச் சரி, பாசி படிந்த கருங்கல்லுக்குச் சரியில்லை. அந்தக் கெட்டி ரப்பர் குமிழ்கள் ஈரக் கல்லில் பிடிக்காது. ஏறி நடக்க அதைப் போடுங்கள், ஓடைக்குள் மென்மையான பிடிப்பு ரப்பர் அடி வைத்த காலணி நல்லது. இல்லையென்றால் எல்லாரும் மெதுவாக, கைகால் நான்கில் மூன்றை எப்போதும் ஊன்றியபடி நகருங்கள். ஓட்டம் முழங்காலுக்கு மேல் இருக்கும் இடத்தில் எழுந்து நிற்கவே வேண்டாம். கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்.

இளையவன்_கெப்போங்

நான்தான் அந்த மூன்றாவது இறக்கத்துக்காரன். 5 மீட்டர் என்பது நீச்சல் குளத்துப் பலகை உயரம்தானே? பெரிய குளம், பார்த்தாலே ஆழம் தெரிகிறது. குதிப்பவர் குதிக்கட்டும், மற்றவர்கள் கயிற்றில் வரட்டும். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

தேவி_பாலிக்பூலாவ்

தம்பி, நீச்சல் குளத்தின் அடித்தளம் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். ஓடைக்குளத்தின் அடித்தளம் ஒவ்வொரு பெருமழைக்கும் மாறும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் சரிந்தன, நாங்கள் சின்ன வயதிலிருந்து குதித்த ஒரு குளம் பாதிக்கு மேல் மணலால் மூடிப்போனது. மேலே நின்று பார்த்தால் பழைய மாதிரியேதான் தெரிந்தது, அதே பச்சை நிறம். என் அக்கா மகன் இன்னோர் இடத்தில், முந்தின மாதம் குதித்த அதே பாறையிலிருந்து குதித்தான். தண்ணீருக்கடியில் அடித்து வந்த மரக்கட்டை. குதிகால் எலும்பு நொறுங்கியது. அவனைத் தூக்கிக்கொண்டு ஏறக் குறைந்த தூரம்தான், ஆனால் ஒவ்வொரு கல்லிலும் அவன் கத்திய கத்தல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

குதிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முதல் ஆள் கயிற்றில் இறங்கட்டும். முகக்கண்ணாடி போட்டு மூழ்கி, விழும் இடம் முழுவதையும் காலாலும் கையாலும் துழாவிப் பார்க்கட்டும். அவர் கையைக் காட்டிய இடத்தில் மட்டும், காலைச் சேர்த்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை மார்போடு கட்டிக் குதி. அன்றைக்குப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான் செல்லும்.

இளையவன்_கெப்போங்

சரி அக்கா. முதல் ஆளாக நானே கயிற்றில் இறங்கித் துழாவுகிறேன்.

தாதி_கிள்ளான்

மருத்துவமனையில் வேலை செய்கிறேன், ஒரு விஷயம் மட்டும். எலிச்சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும் லெப்டோஸ்பைரோசிஸை லேசாக எடுக்காதீர்கள். 2010-இல் பகாங், மாரான் பக்கம் லுபோக் யூவில், தண்ணீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்கள் மெலியோய்டோசிஸும் (மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வரும் நோய்) லெப்டோஸ்பைரோசிஸும் தாக்கி நோயில் விழுந்தார்கள், பலர் இறந்தே போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்துதான் லெப்டோஸ்பைரோசிஸைச் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். பெரும்பாலும் 5 நாளிலிருந்து 14 நாளுக்குள் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு இருந்தால் இன்னும் சந்தேகம். கிளினிக்கில் டெங்கி என்று மட்டும் நினைத்துவிடாமல் இருக்க, அருவியில் குளித்தேன் என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். நோயாளி சொல்லாததால் நாள் கடந்து கண்டுபிடித்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

ரப்பர்தோட்டத்துப்_பிள்ளை

அனுமதி பற்றி யாரும் பேசவில்லையே. அந்தப் பகுதியில் பெரும்பாலும் நிரந்தர வனக் காப்பகம். சிலாங்கூர் வனத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 1984 தேசிய வனச் சட்டத்தின் 47-வது பிரிவில் அனுமதியில்லாமல் நுழைந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முக்கியமாக, அனுமதித் தாளில் பேர் இருந்தால் யார் உள்ளே போனார்கள் என்று ஒரு பதிவு இருக்கும்.

கதிர்_செந்தூல்

விண்ணப்பம் போட்டுவிட்டோம். போன ஞாயிறு கயிறில்லாமல் இரண்டு கரையும் நடந்தும் பார்த்தோம். முதல் குளத்தின் வலப்புறம் வேர்களைப் பிடித்து ஏற ஒரு மேடை இருக்கிறது, ஐந்து பேர் உட்காரலாம். இரண்டாவது குளத்தில் அப்படி இல்லை. ஆனால் குளத்தின் வாயில் பெரிய பாறைக்குப் பின்னால் கரை ஏறலாம். கறுப்புக் குழாயும் இருக்கிறது. கம்போங்கில் ஒரு பெரியவரிடம் பேசினோம். குழாய் வாய்க்கு மேலே சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்றார். போகிற நாளுக்கு முந்தின நாள் சொல்லிவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்.

ஆங்கருக்கு இரண்டாவது அருவியின் தலையில் ஒரு மரம். தொடையைவிடப் பருமன். ஏற்கனவே யாரோ கட்டிய வெப்பிங் (நைலான் பட்டை) அதில் தொங்குகிறது. அதையே பயன்படுத்தலாமா?

மணியம்_உலுலங்காட்

கூடாது. நம் வெயிலிலும் ஈரத்திலும் வெப்பிங் வலுவிழந்துவிடும், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மரத்தை ஒட்டிய பக்கம் சேதமாகியிருக்கலாம். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அறுத்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், புதியது கட்டுங்கள். ஒரு அங்குலக் குழல் வெப்பிங், வாட்டர் நாட் (பட்டையின் இரு நுனியை இணைக்கும் முடிச்சு), இரண்டு பக்கமும் வால் ஒரு கையகலம் விட்டு, உடல் எடையைப் போட்டு இறுக்குங்கள். அதில் இரும்பு குவிக் லிங்க் (திருகி மூடும் வளையம்) ஒன்று மாட்டி, அதன் வழியாகத்தான் கயிறு போக வேண்டும். கயிற்றை நேராக வெப்பிங்கில் நுழைத்து இழுத்தால் நைலானும் நைலானும் உரசி உருகும், அடுத்து அதை நம்பி இறங்குபவருக்குத் தெரியாது.

மரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், கரையான் மண் ஏறியிருக்கிறதா பாருங்கள். முக்கியமாக வேர். கருங்கல் பலகையின் மேல் ஒரு சாண் மண்ணில் பாய் விரித்த மாதிரி வேர் விட்டு நிற்கும் மரம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் வேண்டாம். மண் ஆழமான இடத்தில், கொஞ்சம் பின்னாலே தள்ளி வேறு மரத்தைப் பிடியுங்கள், வெப்பிங் கூடச் செலவானால் பரவாயில்லை. மூங்கிலில் கட்டவே கட்டாதீர்கள். நல்ல மரம் இருக்கும்போது போல்ட் வேண்டாம். அனுமதி இல்லாமல் பாறையைத் துளைப்பது சரியும் இல்லை.

குளிருக்கு: நம் ஊர்த் தண்ணீர்தானே என்று டி-சட்டையோடு போகாதீர்கள். ஒருவர் இறங்கக் கால் மணி என்றால், முதலில் இறங்கியவர் கடைசி ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் அருவிச் சாரலில் நிற்கிறார். மெல்லிய நியோப்ரீன் மேலாடை இருந்தால் போடுங்கள். நீச்சல் வலுவில்லாத இருவருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். பையின் அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும், உள்ளே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கைப்பேசி, முதலுதவி, தலைவிளக்கு.

வள்ளி_பாறை

சைகை பற்றியும் முடிவு செய்துவிடுங்கள். அருவிச் சத்தம், மேலே லாரிச் சத்தம், இரண்டுக்கும் நடுவில் கத்தினால் ஒன்றும் கேட்காது. எல்லார் கழுத்திலும் விசில். நீங்களே பேசி வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஒரு ஊதல் நிறுத்து, இரண்டு ஊதல் இறக்கு, மூன்று ஊதல் கயிறு விட்டுவிட்டேன். விடாமல் ஊதினால் ஆபத்து. ஊருக்கு ஊர் இது மாறும், அதனால் வேறு யாராவது சேர்ந்தால் அன்று காலையிலேயே மறுபடி சொல்லிக்கொடுங்கள். நான்கைந்து சைகைக்கு மேல் வைக்காதீர்கள், பதற்றத்தில் மறந்துபோகும்.

கதிர்_செந்தூல்

வரும் சனிக்கிழமை வள்ளி அக்கா முன்னால் மன்ட்டர் மியூல் பயிற்சி. பசியாறிவிட்டு எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறோம், வர முடிந்தவர்கள் வாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இரண்டாவது அருவியில் எல்லாரும் இறங்கிவிட்டோம், கயிற்றை இழுக்கிறோம், பாதியில் சிக்கிக்கொண்டது. மேலே என்ன சிக்கியது என்று தெரியவில்லை. அப்போது?

மணியம்_உலுலங்காட்

முதலில் சிக்காமல் இருக்க: கடைசிக்கு முந்தின ஆள் இறங்கியதும் கீழேயிருந்து ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் கடைசி ஆள் கயிறு நகர்கிறதா, விளிம்பில் பள்ளத்தில் மாட்டுகிறதா என்று பார்த்து இடத்தை மாற்றுவார். இழுக்கும் பக்கம் எது என்று இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். நுனியில் முடிச்சு ஏதாவது விட்டிருந்தால் அவிழ்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கடைசி ஆள் இறங்கும்போது கயிறு இரண்டும் முறுக்கிக்கொள்ளாமல் விரலை நடுவில் விட்டுக்கொண்டே வரட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கினால், இழுக்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள், குளத்தின் மறுகரைக்குப் போய் இழுத்துப் பாருங்கள், கயிற்றில் அலை விட்டுப் பாருங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். சிக்கிய கயிற்றைப் பிடித்து யாரும் மேலே ஏறக் கூடாது, எதில் தொங்குகிறது என்று தெரியாது. மூன்றாவது இறக்கத்துக்கு இரண்டாவது 40 மீட்டர் இன்னொருவர் பையில் இருக்கிறது. அதைப் போட்டு இறங்கி, சிறுபாலம் வழியாக வெளியே போய், காய்ந்த உடை மாற்றுங்கள். வானம் தெளிவாக இருந்தால் அன்றே மேல்வழியாகப் போய், ஆங்கரில் மாட்டிக்கொண்டு எடுத்துவிடலாம். இல்லையென்றால் அடுத்த வாரம் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.